கொட்டைப்பாக்கு கேட்டால் பட்டல் அடிகே

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்வார்கள் என்பது பழமொழி. பெங்களூரில் கொட்டைப்பாக்குக்கே விலை கேட்டாலும் வேறொன்றுதான் வரும். கே.ஆர். மார்க்கெட்டில் வெறுமனே ‘அடிகே’ (கன்னடத்தில் பாக்கு) என்றால், வேகவைத்துச் சிவந்த, கிண்ணம் போன்ற பாதிப் பாக்கை எடுத்துக் கொடுப்பார்கள். அது பட்டல் அடிகே. கன்னட வீட்டுத் தாம்பூலத்துக்கு அதுதான். நம் வீட்டு நிச்சயதாம்பூலத்துக்கு உடையாத முழுப்பாக்கு வேண்டும். ‘கோட்டு அடிகே’ என்று கேளுங்கள்.

இரண்டும் ஒரே கமுகில் காய்ப்பவைதான், பறிக்கும் பருவம்தான் வேறு. சிவமொக்கா, சிர்சி பக்கம் ஆறேழு மாதப் பச்சைக்காயை உரித்து, நறுக்கி, முந்தைய ஈடு வெந்த ‘சொகரு’ சாறு கலந்த தண்ணீரில் வேகவைப்பார்கள். அந்தச் சிவப்பும் பளபளப்பும் சாறு கொடுப்பது. நமக்கு வேண்டிய முழுப்பாக்கு மங்களூர்ப் பக்கத்து ‘சாலி’, பழுத்த பழத்தைத் தோலோடு 40, 45 நாள் வெயிலில் காயவைத்து உரித்தது. இடையில் மழை பிடித்தால் உள்ளே பூசணம் இறங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

அதனால் வாங்கும்போது கடைக்காரரிடம் ஒன்றைப் பாக்குவெட்டியால் வெட்டச் சொல்லுங்கள். வெள்ளையில் பழுப்புக் கோடுகள் ஓடினால் நல்ல சரக்கு. நடுவில் கருத்திருந்தால் வேண்டாம். குண்டூசித் துளையும் மாவும் தெரிந்தால் வண்டு. கையில் கனமில்லாதது சொத்தை.

பருமனைப் பொறுத்து கிலோவுக்கு 100 முதல் 150 பாக்கு நிற்கும். தாம்பூலப் பைக்கு இரண்டு வெற்றிலை, இரண்டு பாக்கு என்றால் 200 பைக்கு 400 பாக்கு. நடுத்தரப் பருமன் என்றால் கழிவையும் சேர்த்து நாலு கிலோ வாங்கலாம். பலரும் தப்பு செய்வது அடுத்த கட்டத்தில்தான்: கழுவிய வெற்றிலையையும் பாக்கையும் முதல் நாளே ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிவிடுவார்கள். விடிந்தால் வெற்றிலை அழுகல், பாக்கில் பூசணம். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றித் தனியே வையுங்கள். பாக்கைப் பையில் காலையில் போட்டால் போதும்.

தட்டில் வைக்கத்தான் இவ்வளவு பாடு. மெல்வது வேறு கதை. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003இலேயே அறிவித்துவிட்டது. விருந்து முடிந்ததும் சீவல் தட்டை நீட்டுபவர்கள் இதை யோசிக்கலாம்.

பந்திக்குப் பாக்குமட்டைத் தட்டு எடுப்பவர்களுக்கு: மரம் தானாக உதிர்க்கும் மட்டையைக் கழுவி, ஊறவைத்து, சூடான அச்சில் அழுத்தியது அது. பசை கிடையாது. கரும்புள்ளி இருந்தால் நனைந்த மட்டை. கட்டைப் பிரித்து முகர்ந்து பாருங்கள், புழுங்கல் வாடை வந்தால் திருப்பிக் கொடுங்கள். இதே மட்டையில்தான் துளுநாட்டு உழவர்கள் ‘முட்டாளெ’ தொப்பி செய்கிறார்கள்.

வாசலில் கட்டும் பாக்குக்குலை முழுக்கப் பழுத்ததாக இருந்தால் ராத்திரியே உதிர்ந்து, காலையில் வருகிறவர் காலில் உருளும். பச்சையும் மஞ்சளுமாக, காம்பு இறுகியிருக்கும் குலையாகப் பார்த்து எடுங்கள். பாளையை விரியாமல் வாங்கி, முகூர்த்தத்துக்குச் சற்று முன் கீறுங்கள். முன்னாடியே கீறினால் அரும்பு கொட்டி வெறும் ஈர்க்குதான் நிற்கும்.