திசுப் பொறியியலில் இரத்தக்குழாய்ப் பகுதி: வைவாவுக்கு எப்படிப் படிக்கலாம்?

எம்.டெக். படிப்பில் திசுப் பொறியியலை, அதாவது உடலில் பொருத்துவதற்கான திசுக்களைச் செல்களிலிருந்து வளர்க்கும் துறையை, சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள் பெரும்பாலும் திணறுவது இரத்தக்குழாய் வளர்ச்சிப் பகுதியில்தான். மதிப்பாய்வுக் கட்டுரை எதைத் திறந்தாலும் வளர்ச்சிக் காரணிகள் (செல்களை வளரத் தூண்டும் புரதங்கள்), உயிரிப்பொருள்கள் (செல்களைத் தாங்க உடலில் வைக்கும் பொருள்கள்), ஸ்டெம் செல் வகைகள் என்று மூன்று நீண்ட அட்டவணைகள் வந்து நிற்கும். உருப்போட்டால் எழுத்துத் தேர்வைத் தாண்டிவிடலாம். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் அது எடுபடாது. நான் அட்டவணைகளை ஓரமாக வைத்துவிட்டு இரண்டே கேள்விகளைப் பிடித்துக்கொண்டு படித்தேன். இரத்தக்குழாயிலிருந்து திசுவுக்குள் ஆக்ஸிஜன் எவ்வளவு தூரம் போகும்? உடலில் பொருத்திய திசுவுக்கு இரத்தம் வந்து சேர எத்தனை நாளாகும்?

முதல் கேள்விக்கு எல்லாப் புத்தகங்களும் 100 முதல் 200 மைக்ரோமீட்டர் என்று விடை சொல்லும். அதை அப்படியே ஏற்காமல் ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஆக்ஸிஜன் பெறும் தட்டையான திசு என்று வைத்துக்கொள்வோம். பரவல் கெழுவையும் (ஆக்ஸிஜன் திசுவில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதன் அளவு) மேற்பரப்பில் உள்ள ஆக்ஸிஜன் செறிவையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, நுகர்வு வீதத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஆக்ஸிஜன் எட்டும் ஆழம் கிடைக்கும். பரவல் கெழு நொடிக்குச் சுமார் 2 × 10⁻⁹ சதுர மீட்டர். ஆக்ஸிஜன் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் செறிவு கனமீட்டருக்கு ஏறத்தாழ 0.05 மோல். ஒரு மில்லிலிட்டரில் 10 கோடி செல்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 5 × 10⁻¹⁷ மோல் ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது என்று எடுத்துக்கொண்டால் விடை சரியாக 200 மைக்ரோமீட்டர்.

செல் அடர்த்தியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள், ஆழம் மூன்று மடங்குக்குச் சற்று மேலே போகும். இரத்தக்குழாயே இல்லாமல் குருத்தெலும்பு வாழ்வது எப்படி என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது: அங்கே செல்கள் குறைவு, அவற்றின் தேவையும் குறைவு. தட்டையான திசுவுக்குப் பதிலாக நுண்குழாயைச் சுற்றிய உருளை என்று வைத்து இதே போன்ற கணக்கை 1919-இல் ஆகஸ்ட் க்ரோக் வெளியிட்டார். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடத் தெரிந்தவரைத் தேர்வாளர்கள் அதன் பிறகு மரியாதையோடுதான் கேள்வி கேட்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி காலம். உடலின் சொந்த இரத்தக்குழாய்கள் பொருத்திய திசுவுக்குள் ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டர்கூட முன்னேறுவதில்லை. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள திசு என்றால் அவை நடுப்பகுதியை எட்டுவதற்குள் அங்குள்ள செல்கள் மடிந்துவிடும். இந்த இடைவெளியைக் குறைக்க இரண்டு வழிகள்தான் உண்டு: உடலின் குழாய்களை வேகமாக உள்ளே அழைப்பது, அல்லது உள்ளேயே குழாய்களைக் கட்டிவைத்து உடலின் குழாய்களோடு இணைப்பது. படிக்கும் எந்தக் கட்டுரையையும் இந்த இரண்டில் ஒன்றில் வையுங்கள். வைக்க முடியாத கட்டுரையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடலாம்.

அழைக்கும் வேலைக்கு விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணிதான் முதல் ஆள். அதை நேரடியாக இரத்தத்தில் செலுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2003-இல் வெளியான விவா (VIVA) என்ற மருத்துவச் சோதனையைப் படியுங்கள். இதய நோயாளிகள் 178 பேர் பங்கேற்றார்கள்; 60-ஆம் நாள் உடற்பயிற்சிச் சோதனையில் போலி மருந்தைவிட அது மேலாக இருக்கவில்லை. இரத்தத்தில் அந்தப் புரதம் நெடுநேரம் தங்குவதில்லை. ஓரிடத்தில் அளவு மீறினாலோ கசியும், வீங்கிய குழாய்கள் உண்டாகும். உயிரிப்பொருளின் தேவை இங்கேதான் எழுகிறது. டேவிட் மூனி குழுவினர் 2001-இல் ஒரே பாலிமர் சாரக்கட்டில் விஇஜிஎஃப்பை விரைவாகவும், நுண்கோளங்களில் அடைத்த பிடிஜிஎஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியை மெதுவாகவும் வெளிவரச் செய்தார்கள். முதலாவது குழாயை முளைக்க வைக்கிறது. இரண்டாவது, அதைச் சுற்றித் தாங்கும் செல்களை வரவழைத்து முதிர வைக்கிறது. எந்தப் பொருள் என்பதைவிட எது எப்போது வெளிவருகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஸ்டெம் செல் பகுதியில் ஒரு வழுக்கும் இடம் உண்டு. 1997-இல் அசஹாரா குழுவினர் இரத்தத்தில் எண்டோதீலியல் செல்களாக, அதாவது குழாயின் உட்சுவராக அமையும் செல்களாக, மாறக்கூடிய எண்டோதீலியல் முன்னோடிச் செல்கள் இருப்பதாக அறிவித்தார்கள். அந்தப் பெயரில் பின்னர் ஆராயப்பட்ட பல செல்கள் உண்மையில் வெள்ளணு வம்சத்தைச் சேர்ந்தவை. குழாய் வளர உதவுமே தவிர, தாமே குழாய்ச் சுவராவதில்லை. எனவே பழைய கட்டுரைகளில் இந்தப் பெயரைக் கண்டால் எந்தச் செல் என்று முறைகள் பகுதியில் தேடிப் பாருங்கள். எலும்பு, கொழுப்பு போன்ற இணைப்புத் திசுக்களாக மாறக்கூடிய மெசன்கைமல் செல்களும் பெரும்பாலும் துணைப் பாத்திரத்தில்தான் வருகின்றன, ஆனால் அந்தத் துணை இல்லாமல் கதை நடக்காது. 2004-இல் கொய்கே குழுவினர் எலிகளில் காட்டியது இதைத்தான்: எண்டோதீலியல் செல்களை மட்டும் வைத்தபோது குழாய்கள் நிலைக்கவில்லை, மெசன்கைமல் முன்னோடிச் செல்களைச் சேர்த்தபோது ஓராண்டு வரை இரத்தம் ஓடியது.

இனி, சான்றுகளை எடைபோடுவது. மேட்ரிஜெல் என்ற ஜெல்லின் மீது எண்டோதீலியல் செல்கள் சில மணி நேரத்தில் வலைபோல் இணையும் படம் ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கும். குழாயாகாத ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்களும் அதேபோல் வலை பின்னும். மேட்ரிஜெல்லோ எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்படுவது. மனிதருக்குப் பொருத்த ஏற்றதல்ல. அந்தப் படத்தோடு நின்றுவிடும் கட்டுரையை நான் அரைச் சான்று என்றே குறித்துக்கொள்வேன். குழாய்க்குள் சிவப்பணுக்கள் தெரிகின்றனவா, எலியின் வால் நாளத்தில் செலுத்திய ஒளிரும் லெக்டின் (குழாய்ச் சுவரில் ஒட்டும் புரதம்) உள்ளே வந்ததா, மனிதச் செல்லை மட்டும் காட்டும் சிடி31 (எண்டோதீலியல் செல்களின் அடையாளப் புரதம்) சாயமேற்றல் செய்தார்களா என்று பாருங்கள்.

ஒரு பொருள் புதிய குழாய்களை ஈர்க்கிறதா என்று பார்க்கும் கோழிக்கரு சவ்வுச் சோதனையை உங்கள் கல்லூரியில் செய்தால் தவறவிடாதீர்கள். கடை முட்டை உதவாது. குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கருவுற்ற முட்டை வேண்டும். ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, மெல்லிய சவ்வின் மீது ஜெல் துண்டை வைத்தால், சில நாட்களில் நுண்ணிய சிவப்புக் கிளைகள் அதை நோக்கி ஆரக்கால்களாகத் திரும்பும். பார்த்த உடனே வெற்றி என்று எழுதத் தோன்றும். ஓட்டுத் தூள் சவ்வில் விழுந்தாலும் அழற்சியால் இதே தோற்றம் வரும். அந்தச் சவ்வும் அதன் குழாய்களும் எப்படியும் தானாகவே வளர்ந்துகொண்டிருக்கும். வெறும் ஜெல் வைத்த முட்டைகளின் படங்களையும் பதிவேட்டில் ஒட்டிவையுங்கள், தேர்வாளர் முதலில் அவற்றைத்தான் கேட்பார்.

முப்பரிமாண அச்சு பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். 2012-இல் ஜோர்டன் மில்லர், கிறிஸ்டோபர் சென் முதலியோர் சர்க்கரைக் கண்ணாடியில் பின்னல் அச்சிட்டு, சுற்றிலும் செல்கள் கலந்த ஜெல்லை ஊற்றி, பிறகு சர்க்கரையைக் கரைத்து வாய்க்கால்கள் அமைத்ததை மட்டும் தெளிவாகப் படித்தால் போதும். கூடவே, அந்த அகலமான வாய்க்கால்களிலிருந்து 5 முதல் 10 மைக்ரோமீட்டர் அகல நுண்குழாய்களைச் செல்கள்தாம் முளைக்க வைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

கடைசியாக வரும் கேள்வி அநேகமாக, இதில் எது நோயாளியை எட்டியிருக்கிறது என்பதாக இருக்கும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அனுமதித்த சிம்வெஸ்ஸைச் சொல்லலாம். மனிதச் செல்களைக் கொண்டு வளர்த்து, பின்னர் செல்களை நீக்கிய குழாய் அது. காயத்தால் கை கால் தமனி சேதமடைந்தவர்களுக்கானது. அறுவை மருத்துவர் ஊசியால் தைக்கக்கூடிய ஒற்றைக் குழாய், நுண்குழாய் வலை அல்ல. இந்த வேறுபாட்டைத் தேர்வாளர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.