சத்தமிடும் லேப்டாப் அடாப்டர்
என் லேப்டாப் அடாப்டர் இரவில் மெல்லியதாக ரீங்கரிக்கும். உள்ளே மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைக்கப்படுவதால் சுருள்கள் அதிர்கின்றன. பேட்டரி நிரம்பிச் சுமை குறையும்போது அந்த அதிர்வு 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழிறங்கி நம் செவிக்கு எட்டிவிடுவதுண்டு என்பதால், இந்த ஒலிக்காக மட்டும் நான் அஞ்சுவதில்லை.

ஆனால் அப்பளம் பொரிவது போன்ற படபடப்போ, கருகல் வாடையோ, உறையில் உருகிய தடமோ, கைவைக்க முடியாத சூடோ தெரிந்தால் கதை வேறு: முதலில் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். தயவுசெய்து அதைப் பிரித்துப் பார்க்காதீர்கள். 230 வோல்ட் இணைப்பில் உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஏறத்தாழ 325 வோல்ட்டை, பிளக்கை எடுத்த பின்னும் சிறிது நேரம் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

மாற்று அடாப்டரின் வோல்ட் அளவும் முனையின் துருவக் குறியும் (நேர்மின், எதிர்மின் எந்தப் பக்கம் என்பது) பழையதோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.