பெப்டைடுகளுக்கு ஒரு பழைய ஆய்வக ஃப்ரீசர்

உலர்தூளாக உள்ள பெப்டைடுகளை (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகளை) வீட்டில் நெடுநாள் காக்க மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் பெரும்பாலும் போதும் என்பதால், இரண்டு கம்ப்ரசர்கள் அடுக்காக இயங்கி மின்சாரத்தை விழுங்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரை நான் நாடவில்லை. தானாகப் பனி நீக்கும் வகையையும் தவிர்த்தேன். அது உள்வெப்பத்தை அவ்வப்போது ஏற்றி இறக்கும்.

ஆய்வகத்தில் பயன்படுத்திய பழைய மைனஸ் 20 ஃப்ரீசர் ஒன்றை வாங்குமுன், முன்பு அதில் என்ன வைத்திருந்தார்கள் என்பதையும், கிருமிநீக்கம் செய்ததற்கான சான்றிதழையும் கேட்டுப் பெற்றேன். இதில் சமரசமே கூடாது. கதவின் ரப்பர் விளிம்பைத் தடவிப் பார்த்து, வெறும் பெட்டியை இரவு முழுவதும் ஓடவிட்டு, தனி வெப்பமானியால் அளந்த பிறகே பணம் கொடுத்தேன்.

சிஸ்டீன், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் உள்ள பெப்டைடுகள் எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் என்பதால், குப்பிகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடி வைக்கிறேன். வெளியே எடுத்தவை அறைவெப்பத்துக்கு வந்த பின்னரே திறக்கிறேன்.