கடலோர வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழி

தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் கோழி வளர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் வலையைப் பாருங்கள். உப்புக் காற்றில் மெல்லிய கோழிவலை துருவேறி, விரலால் அழுத்தினாலே பொடிந்துபோகும். கீரிக்கு அந்த ஓட்டை போதும். விலை கூடினாலும் தடித்த வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை)தான் சரி.

தொடக்கத்துக்கு 5 பெட்டை போதும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்க மட்டும்தான். இரவில் அடைய 5 அடி நீளம், 4 அடி அகலத்தில் கூண்டு, மேலே கீற்று. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அதிகம் விழாது. தரையில் 2 அங்குலம் உமி. நனைந்தால் அன்றே மாற்றுங்கள், ரத்தக்கழிச்சல் ஈரத்தில்தான் பரவும்.

சும்மா கிடைக்கிறதே என்று உப்புக் கருவாட்டைப் போட்டுவிடாதீர்கள். தண்ணீராகக் கழிந்து கோழி செத்தே போகும். உப்பிடாமல் காய்ந்த மீன் கொஞ்சம் தரலாம். ஓடு கெட்டியாகாத தோல்முட்டை இட்டால் கிளிஞ்சலை இடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும்.

சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து, இறக்கையை அகற்றி நிற்கிறதா? உடனே நிழல், மண்சட்டியில் குளிர்ந்த தண்ணீர்.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு வந்தபின் மருந்தே இல்லை, முன்கூட்டியே தடுப்பு மருந்து போட வேண்டும். குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணில் சொட்டு, 8-ஆம் வாரம் இறக்கையில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.