கடுக்காயும் இரும்புத் தூளும்

வாணியம்பாடிப் பக்கம் ஒரு டேனரியில் சூப்பர்வைசராகச் சேர்ந்த இரண்டாவது வருஷம் அது. ஆட்டுத்தோலைப் பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் பதனிட்டு, ஷூவுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் வெளிர்நிறத் தோலாக அனுப்புவோம். முன்பெல்லாம் ஆவாரம் பட்டை. எங்கள் நாளில் பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டை. கடுக்காய் மட்டும் மாறவில்லை.

உலர்த்தும் ஷெட்டின் இரும்புக் கதவு கீல் விட்டுத் தொங்கியது. வெல்டர் வந்து, "அஞ்சு நிமிஷ வேலைதான் சார், இங்கேயே பண்ணிடுறேன்" என்றார். சரி என்றேன். உள்ளே சுமார் 600 தோல்கள் ஈரத்தோடு கொடியில் தொங்கின. கிரைண்டரிலிருந்து பொறி மத்தாப்பு மாதிரி சிதறியதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தோலில் நெருப்புப் படக் கூடாதே என்று மட்டும் கவலை. அணைந்த பொறி எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலை, கதவை ஒட்டிய வரிசைகளில் கசகசா அளவுக்குக் கருப்புப் புள்ளிகள். சிலவற்றைச் சுற்றி நீலம் ஊறியிருந்தது. பூஞ்சை என்று நினைத்து ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். துடைத்த இடமெல்லாம் புள்ளி கோடாக இழுத்துக்கொண்டது.

தோல் வேலையிலேயே முடி நரைத்த பாய் ஒருவர் அங்கே இருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை வெள்ளைத் துணியில் சுற்றிக் கதவோரத் தரையில் ஓர் இழுப்பு இழுத்தார். துணிமேல் மீசை முளைத்த மாதிரி இரும்புத் தூள். "கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தா என்ன வரும் தம்பி?" என்று கேட்டார்.

மை வரும். அன்னபேதி இரும்பு உப்பு. கடுக்காயின் துவர்ப்போடு அது ஈரத்தில் சேர்ந்தால் நீலக்கருப்பு பிறக்கும். நம் ஊர்களில் மை காய்ச்சியதே அப்படித்தான். தோல்மேல் மை தெளிக்க விட்டுவிட்டு நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். குரோம் என்ற உலோகத்தின் உப்பைப் போட்டுப் பதனிட்ட தோலில் அதே தூள் விழுந்திருந்தால் இப்படிக் கருத்திருக்காது. அதில் அந்தத் துவர்ப்பு கிடையாது.

ஆக்சாலிக் அமிலம் கரைத்துக் கழுவினோம். அது இரும்பைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும், கறை வெளுக்கும். பாதிக்கு மேல் தேறியது. மிச்சத்தில் மங்கலாக ஒரு வளையம் நின்றுவிட்டது. கருப்புச் சாயம் ஏற்றிக் குறைந்த விலைக்குத் தள்ளினோம். உப்புக் கட்டியவர், சுண்ணாம்பில் ஊறப்போட்டவர், குனிந்து சதை வழித்தவர் என்று அத்தனை பேருடைய பாடும் அதில் போயிற்று. பணத்தைவிட அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் பாய் சொன்னபடி மாற்றினோம். இரும்பு வாளி போய் பிளாஸ்டிக், கொடிக்கம்பி போய் நைலான் கயிறு. துருப்பிடித்த தண்ணீர்க் குழாயும் போனது.

இப்போது ஆம்பூரில், ஏற்றுமதித் தோலைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். இங்கே எங்களுக்குப் பயம் குரோம் சிக்ஸ், அதாவது குரோமின் நச்சு வடிவம். உடம்பில் படுகிற தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே ஐரோப்பாவில் விற்க முடியாது. 2015 மே முதல் அதுதான் சட்டம். அதை யாரும் கொண்டுவந்து போடுவதில்லை. பதனிடப் போட்ட நல்ல குரோமே, சூடும் சிலவகை எண்ணெயும் சேர்ந்தால், கிடங்கில் கிடந்தபடியே கொஞ்சம் அப்படி மாறிவிடும். ரிப்போர்ட் வரும்வரை பெட்டி நகராது. அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

போன மாதம் இங்கேயும் ஒரு கதவு இறங்கிவிட்டது. உள்ளே பட்டைச் சாறு ஏற்றிய தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன. வெல்டர் பையன், "அஞ்சு நிமிஷம் சார்" என்றான். கதவைக் கழற்றி நாலு பேர் சுமந்து, காம்பவுண்டுக்கு வெளியே புளியமரத்தடிக்குக் கொண்டுபோனோம். வேலையை முடித்துத் திரும்ப மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சொல்லாமலே பையன் சட்டையை உதறிவிட்டு உள்ளே வந்தான்.