மருந்துக்கு முன் எந்த ஹார்மோனிக் என்று பாருங்கள்

உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்துவிட்டுப் பொறியியல் படிக்கப் போன நம் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு, அனலொக் ஐசி (தொடர்ச்சியாக மாறும் சிக்னலைக் கையாளும் சில்லு) வடிவமைப்பில் ஹார்மோனிக் (உள்ளீட்டு மீடிறனின் இரண்டு, மூன்று மடங்குகளில் வெளியீட்டில் தோன்றும் அலை) என்ற சொல் வந்ததும் பயம் பிடித்துவிடுகிறது. லீவுக்கு ஊருக்கு வந்தால் உவர்மலையில் தம்பி தங்கச்சிமாருக்குக் குப்பி (மாணவர்களே மாணவர்களுக்கு எடுக்கும் வகுப்பு) எடுப்பேன். அங்கேயும் அதிகம் கேட்பது இதைத்தான். கோசைனின் வர்க்கத்தை விரித்தால் இரட்டைக் கோணம், கனத்தை விரித்தால் மும்மடங்குக் கோணம். இதை உயர்தரத்திலேயே எத்தனை தரம் எழுதியிருப்பீர்கள்! டிரான்சிஸ்டரின் உள்ளீடு-வெளியீடு வளைகோட்டில் வர்க்க உறுப்பு இருந்தால் இரண்டாம் ஹார்மோனிக் பிறக்கும், கன உறுப்பு இருந்தால் மூன்றாவது. அடிப்படை அவ்வளவுதான்.

இந்த ஹார்மோனிக்குகளால் அலையின் வடிவம் கெடுவதுதான் திரிபு. பரீட்சையில் "திரிபைக் குறைக்கும் வழிகளை விளக்குக" என்று கேட்டால் பலர் மறைப் பின்னூட்டல் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பிக் கொடுப்பது) என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். எந்த ஹார்மோனிக் தொல்லை தருகிறது என்பதை முதலில் எழுதுங்கள், பிறகு மருந்து.

இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை செய்து பாருங்கள். அறை வெப்பநிலையில் வெப்ப வோல்ற்றளவு ஏறத்தாழ 26 மில்லிவோல்ற். எமிற்றர் (டிரான்சிஸ்டரின் மூன்று முனைகளில் ஒன்று) நிலத்தோடு இணைந்த ஒற்றை பைபோலார் டிரான்சிஸ்டருக்கு 2.6 மில்லிவோல்ற் உச்ச வீச்சம் கொடுத்தாலே இரண்டாம் ஹார்மோனிக் அடிப்படை அலையின் 2.5 சதவீதம். அதே டிரான்சிஸ்டர்கள் இரண்டை டிஃபரென்ஷியல் சோடியாக்கி (எமிற்றர்களை ஒன்றாக இணைத்து, இரு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் சோடி), பத்து மடங்காக 26 மில்லிவோல்ற் கொடுங்கள். இரு பக்க வெளியீட்டின் வித்தியாசத்தை எடுத்தால் இரட்டை எண் ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று அழித்துவிடும். மூன்றாவது சுமார் 2 சதவீதம் மிஞ்சும். எவ்வளவு அழகான விடை! நான் இந்தப் பாடத்தை விரும்பியதே இதனால்தான்.

ஆனால் இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒன்றுபோல இருந்தால்தான் இது நடக்கும். சிலிக்கனின் தன்மை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல மாறும். அதனால் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, குறுக்காக, இரண்டுக்கும் ஒரே மையம் வரும்படி வைப்பார்கள். விடைத்தாளில் அந்தப் படத்தைச் சிறிதாகவேனும் கீறுங்கள்.

மிஞ்சிய மூன்றாவதுக்கு எமிற்றரில் தடை சேர்க்கலாம். நயம் (பெருக்கம்) குறையும், வெப்ப இரைச்சல் சற்றுக் கூடும். பின்னூட்டலும் நல்லதுதான். ஆனால் மீடிறன் ஏற ஏற லூப் நயம் (பின்னூட்டல் வளையத்தை ஒருமுறை சுற்றிவரும்போது கிடைக்கும் நயம்) விழுவதால், 1 கிலோஹேர்ட்சில் கிடைத்த சுத்தத்தை 1 மெகாஹேர்ட்சில் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, புரொஜெக்ட்டில் சிமுலேஷன் செய்கிறவர்களுக்கு ஒன்று. சிறிய வீச்சத்தில், உள்ளீட்டைப் பாதியாக்கினால் அடிப்படை அலையோடு ஒப்பிட இரண்டாவது 6 டெசிபெல்லும் மூன்றாவது 12 டெசிபெல்லும் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சுற்றைக் குறை சொல்ல முன் கணிப்பைப் பாருங்கள். ஆரம்பத் தளம்பல் அடங்கிய பிறகு முழுச் சுழற்சிகளை மட்டும் எடுத்து, நேரப் படியைச் சிறிதாக்கி, எல்டிஸ்பைஸ் (LTspice) என்ற சிமுலேஷன் மென்பொருள் என்றால் அலைவடிவச் சுருக்கத்தையும் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.