போஸ்னானின் பியர் மேசை

போலந்துக்காரர்களைப் பற்றி வெளியில் சொல்லப்படும் கதைகளில் முக்கால்வாசி குடியில்தான் வந்து நிற்கும். லண்டனில் இருக்கும் உறவினர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் நண்பர்களும் அதைத்தான் சொன்னார்கள். மலிவு விமானத்தில் கிராக்கோவ் வந்து, இரண்டு நாள் குடித்துக் கூத்தடித்துவிட்டுத் திரும்பும் வெளிநாட்டு இளைஞர் கூட்டங்களும் ஊருக்குப் போய் அதே கதையைப் பரப்புகின்றன. அந்த நகரத்தின் பழைய சதுக்கத்தில் வாழ்கிறவர்கள் தூக்கமில்லாமல் தவித்தது யாருக்கும் தெரிவதில்லை. 2023 ஜூலையிலிருந்து கிராக்கோவில் நள்ளிரவு முதல் காலை ஐந்தரை மணி வரை கடைகளில் மது விற்கத் தடை இருக்கிறது என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

நான் இருப்பது போஸ்னானில். போலந்தின் மேற்குப் பக்கம், வார்சாவுக்கும் பெர்லினுக்கும் நடுவில் உள்ள ஊர். பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டை. எங்கள் தெருமுனையில் டாஸ்மாக் வந்த பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்பிள்ளைகள் எல்லாரும் எதிர்ப்பக்கம் மாறித்தான் நடப்போம். குடி என்பது ஆண்களின் விஷயம், இருட்டின் விஷயம், வீட்டில் பேசக்கூடாத விஷயம். அந்த நினைப்போடு வந்த எனக்கு, இந்த மக்களை அறிமுகம் செய்து வைத்தது ஒரு பியர் மேசைதான் என்பதை அம்மாவிடம் சொல்லவே நாளாயிற்று.

போலந்துக்காரர்கள் முதலில் நெருங்க மாட்டார்கள். மாடிப்படியில் பார்த்தால் 'ஜென் தோப்ரி' என்று வணக்கம் சொல்வார்கள், அவ்வளவுதான். தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் கிடையாது. வயதில் மூத்தவரை, புதியவரை, கடைக்காரரை எல்லாம் 'பான்' (ஐயா), 'பானி' (அம்மா) என்று மரியாதையாகத்தான் அழைப்பார்கள். அலுவலகத்திலும் அப்படியே. மாதக்கணக்கில் பக்கத்து மேசையில் இருந்தும், என் சக ஊழியைக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட எனக்குத் தெரியாது. குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கும் ஊரில் அந்த மௌனம் கனமாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தங்கள் மேல் காட்டும் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடு வேறு, வெளி வேறு என்று கறாராகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு முறை உள்ளே விட்டால் முழுதாகத்தான் விடுவார்கள்.

என்னை உள்ளே விட்டது ஒரு பெயர் நாள். இங்கே பிறந்த நாளைப் போலவே பெயர் நாளும் பெரிய விஷயம். நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் சில பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்க்காரர் அன்றைக்கு நண்பர்களுக்கு உபசாரம் செய்ய வேண்டும். சக ஊழியை எங்களைப் பழைய சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பியர் கூடத்துக்கு அழைத்திருந்தாள். அவளுடைய அம்மாவும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டிய பானி, வெள்ளை முடியை அழகாக வாரிக்கொண்டு, ராஸ்பெர்ரி பாகு ஊற்றிய பியரை ஸ்ட்ரா வைத்து நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் குழந்தையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஆல்கஹால் இல்லாத பியர் போதும் என்றேன். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. 'நா ஸ்த்ரோவியே' என்று கோப்பையைத் தூக்கும்போது ஒவ்வொருவரும் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்கள். அந்த இரண்டரை மணி நேரத்தில் அந்த அம்மாவின் இளமைக்காலம், மகளின் விவாகரத்து, பேரனின் ஆஸ்துமா எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. என் அப்பா போன கதையை நானும் சொன்னேன். இந்த ஊரில் முதல்முறையாக அதைச் சொன்னது அங்கேதான்.

ஒரு பெண் ராத்திரி ஒன்பது மணிக்கு மதுக்கூடத்தில் உட்கார்ந்து, யாருடைய பார்வையும் மேலே விழாமல், பயமில்லாமல் வீட்டுக்குத் திரும்பலாம் என்பதை நான் அன்றுதான் உடம்பால் உணர்ந்தேன். இதை எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பியரோடு ரொட்டியும் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயும் வரும். கூடவே வெண்ணெய் மாதிரி ஒரு கிண்ணத்தில் இருப்பது 'ஸ்மாலெத்ஸ்', பன்றிக் கொழுப்பு. அதைத் தள்ளி வைத்துவிட்டு 'பிரி ஸ் க்ஜிக்கெம்' கேளுங்கள். வேகவைத்த உருளைக்கிழங்கும், வெங்காயத்தாள் கலந்த பாலாடைக்கட்டியும். போஸ்னான்காரர்களின் சொந்தச் சாப்பாடு அது. நாம் அதைக் கேட்டால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

சரி, குடிகாரர்கள் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. பல நூற்றாண்டுகளாகச் சாராயம் காய்ச்சி விற்கும் உரிமை நிலப்பிரபுக்களிடம் இருந்தது. தங்கள் குடிமக்கள் தங்கள் சாவடியில்தான் குடிக்க வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்தினார்கள். தானியம் விற்காத காலத்தில் அதை வோட்காவாக்கி உழவர் தலையில் கட்டினார்கள். வோட்கா இந்த நாட்டின் ஏழைகளுக்குள் இப்படித்தான் இறங்கியது. குடியால் அழிந்த குடும்பங்களின் கதை இங்கேயும் வீட்டுக்கு வீடு உண்டு. காலையில் வேலைக்குப் போகும் வழியில் குட்டி வோட்கா பாட்டில் வாங்கிப் போகிறவர்களை நானே பார்க்கிறேன். நம் ஊர் குவார்ட்டரைத்தான் எனக்கு அது நினைவூட்டுகிறது. 300 மில்லிக்கு மேற்படாத அந்த பாட்டில்களுக்காக 2021இல் தனிக் கட்டணமே கொண்டுவந்தார்கள்.

ஆனால் அதே மக்கள்தான் 1980 ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது, உள்ளே ஒரு சொட்டு மது வரக்கூடாது என்று தாங்களே தடை போட்டுக்கொண்டார்கள். கம்யூனிஸ்ட் அரசுக்கு ஒரு சாக்கும் கொடுக்கக் கூடாது என்ற தெளிவு அது. சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்க இயக்கம் அங்கேதான் பிறந்தது. ஆகஸ்ட் மாதம் முழுவதும் மதுவைத் தொடாமல் இருங்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்கிறது. என் மாடியில் இருக்கும் ஒரு பெரியவர் அதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார். இதெல்லாம் வார இறுதிக்கு வந்து போகிறவர்கள் கண்ணில் படாது.

1982இல், ராணுவச் சட்டம் அமலில் இருந்தபோது வந்த மதுச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்னும் நடப்பில் இருக்கிறது. அப்போதெல்லாம் மதியம் ஒரு மணிக்கு முன்னால் மது விற்கக் கூடாது; கடை வாசலில் வரிசை நிற்கும் என்று பானி சொல்வார். அந்த விதி 1990இல் போய்விட்டது. புதிதாக வருகிற நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது மிச்ச விதிகளை. தெருவில், பூங்காவில் பியர் டப்பாவைத் திறந்தால் 100 ஸ்வோட்டி (போலந்து நாணயம்) அபராதம். வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் ஆல்கஹால் 0.2 புரோமிலுக்கு (ஆயிரத்தில் 0.2 பங்கு) மேல் இருந்தாலே குற்றம்தான். சைக்கிளுக்கும் அபராதம் உண்டு, அதுவும் 1000 ஸ்வோட்டியிலிருந்து ஆரம்பம். உணவு விநியோகம் செய்யும் பிள்ளைகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 அக்டோபரிலிருந்து டப்பாக்களுக்கும் பாட்டில்களுக்கும் வைப்புத்தொகை முறை வந்திருக்கிறது. டப்பாவுக்கு 50 குரோஷி, அதாவது அரை ஸ்வோட்டி. கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும்.

வோட்காவிலிருந்து மக்களை மீட்க பியரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. நகைச்சுவை நடிகர் யானுஷ் ரெவின்ஸ்கி 1990இல் பியர் நண்பர்கள் கட்சி என்று ஒன்றைத் தொடங்கினார். விளையாட்டாகத் தொடங்கியதுதான். அடுத்த ஆண்டுத் தேர்தலில் 16 இடங்களைப் பிடித்து நாடாளுமன்றத்துக்கே போய்விட்டது. பிறகு உடைந்தும் போனது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் சுதந்திரமாக உட்கார்ந்து பேச இடமில்லாத மக்களுக்கு, நல்ல பியரோடு நாலு பேர் மனம்விட்டுப் பேசும் மேசை ஓர் அரசியல் கனவாகவே இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று போலந்தில் அதிகம் குடிக்கப்படுவது பியர்தான். அதிலும் ஆல்கஹால் இல்லாத பியர் கடையில் தனி அலமாரியே பிடித்துவிட்டது.

உள்ளூர்க்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வது வேறு விஷயத்துக்கு. போலந்தின் பெயர்பெற்ற பியர்கள் எல்லாம் வெளிநாட்டு நிறுவனங்களிடம் போய்விட்டன: ஷிவியெத்ஸ் ஹைனகன் கையில், டிஸ்கியேவும் எங்கள் ஊர் லெக்கும் ஜப்பானின் அசாஹி கையில், ஓகோச்சிம் கார்ல்ஸ்பெர்க் கையில். பெயர் மட்டும் நம்முடையது என்பார்கள். அந்த ஆற்றாமையில்தான் சிறு மதுவடிப்பாளர்கள் எழுந்தார்கள். 2011இல் பிந்தா என்ற சிறு நிறுவனம் 'அத்தாக் ஹ்மியேலு' என்று கசப்பு தூக்கலான ஒரு பியரை இறக்கியது. இன்றைய புது அலை அங்கிருந்து கிளம்பியதாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த கதை க்ரோஜிஸ்க் ஊரின் கதை. போஸ்னானிலிருந்து வோல்ஷ்டின் போகும் ரயிலில் ஏறினால் வழியில் வரும் சின்ன ஊர். கோதுமை மால்ட்டை, அதாவது முளைகட்டிய கோதுமையை, ஓக் விறகுப் புகையில் உலர்த்தி வடிக்கும் பியர் அங்கே நூற்றாண்டுகளாக இருந்தது. மூன்று சதவீதம்தான் ஆல்கஹால். வெளிறிய பொன் நிறம், நுரை பொங்கும், மெல்லிய புகை வாசம். ஊர்க் கிணறு வற்றியபோது பெர்னார்ட் என்ற துறவி பிரார்த்தித்துத் தண்ணீரை வரவழைத்தாராம். அந்தத் தண்ணீரால்தான் பியருக்கு அந்தச் சுவை என்று இன்றும் சொல்கிறார்கள். சதுக்கத்தில் அந்தக் கிணற்றைப் பார்க்கலாம். 1993இல் ஆலை மூடப்பட்டது. லாபமில்லை என்றார்கள். ஆனால் வீட்டில் பியர் வடிக்கும் ஆர்வலர்கள் விடவில்லை. பழைய தொழிலாளர்களைத் தேடிப் பிடித்துச் செய்முறையைக் கேட்டு எழுதி, அந்த ஈஸ்ட்டையும் மீட்டெடுத்தார்கள். 2015இல் அதே ஊரில் ஆலை மறுபடி இயங்கத் தொடங்கியது. நம் ஊரில் வழக்கொழிந்த நெல் ரகங்களைத் தேடி அலைகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய அதே பிடிவாதத்தை இங்கே கண்டபோது இந்த மக்கள் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை வந்தது. நான் முழு மனதோடு ருசித்துக் குடித்த பியர் அது ஒன்றுதான்.

எல்லாம் நல்லதாகவே இருந்ததில்லை. ஒரு ராத்திரி டிராமில் குடித்திருந்த ஒருவன் என் நிறத்தைச் சொல்லிக் கத்தினான். நடுங்கிப்போனேன். எதிரில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து வந்து என் இருபக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி அவனை இறக்கிவிட்டார். அதற்குப் பிறகும் நான் ராத்திரி டிராமில்தான் போகிறேன்.

போன ஆண்டு அலுவலகத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. எல்லாருடைய பெயர் நாளுக்கும் நான் சாப்பிட்டாயிற்று. என் பெயரோ போலந்து நாட்காட்டியில் இல்லை. அப்படியானால் நீ எப்போது உபசாரம் செய்வாய் என்று பிடித்துக்கொண்டார்கள். பொங்கலைச் சொன்னேன். ஜனவரி நடுவில் என்றதும் ஒருவர் துள்ளி எழுந்தார். ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை இங்கே பால்டிக் போர்ட்டர் நாள். கறுத்து, கெட்டியாக, வறுத்த வாசத்தோடு இருக்கும் குளிர்காலப் பியருக்கென்று 2016இலிருந்து நாடெங்கும் கொண்டாடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. வெல்லம் பெர்லினிலிருந்து வரவழைத்தேன். பானி போர்ட்டரை ஒரு சிறு கோப்பையில் ஊற்றிக்கொண்டு சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். முந்திரியை நெய்யில் எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு போனார். அம்மாவிடம் வீடியோவில் காட்டினேன். கோப்பையில் இருப்பது என்ன என்று கேட்டாள், சொன்னேன். "அந்த அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் நெய் விடு" என்றாள்.